முனியாண்டி பீடத்தில் ஒரு துப்பாக்கி: மூவாருக்கு இரண்டு நாள்

மூவாருக்குப் போக எனக்கு அந்த வாரம் எந்தத் திட்டமும் இல்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் அண்ணன் மணி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். அவர் மூவாரில், பக்ரி போகும் சாலையில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு முனியாண்டி பீடம் கட்டி வைத்திருக்கிறார். வாராவாரம் பூசை முடிந்ததும் படம் வரும். நாங்களும் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

அன்று கண்ணாடி போட்டிருந்ததால் உற்றுப் பார்த்தேன். இரண்டு அரிவாளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஏதோ ஒன்று. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம். படத்தை விரலால் பெரிதாக்கினேன். பிடி தெரிந்தது. விசை தெரிந்தது. குழலும் தெரிந்தது. துப்பாக்கி.

பத்து நிமிடத்தில் அண்ணி சரோஜா போன் பண்ணினார்.

"படத்தப் பாத்தியா ராஜி? ஆத்துலேருந்து எடுத்துட்டு வந்து சாமிகிட்ட வச்சிருக்காரு. நான் சொன்னா காதுல ஏறல. யாராச்சும் மாத்தாகிட்ட சொல்லிட்டா என்ன பண்றது? நீ சொன்னா கேப்பாரு, வந்துட்டுப் போயேன்."

மாத்தா என்றால் இங்கே எங்கள் பேச்சில் போலீஸ். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இந்த நாட்டில் எத்தனை பெரிய குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறை உண்டு, பிரம்படிகூட உண்டு என்று படித்திருக்கிறேன். அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. அதையும் அவரே படம் பிடித்து முப்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார்.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. எங்கள் கார் பட்டறையில் கிடந்தது. அதனால் தனியாக பஸ்ஸில் போனேன். காரில்லாமல் மூவார் போவது எப்படி என்று முன்பு இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து லார்கின் பஸ் நிலையம் வரை ஆப்பில் கூப்பிட்ட காரில் 19 ரிங்கிட். எட்டரை மணி பஸ், டிக்கெட் 24 ரிங்கிட் 50 காசு. சனிக்கிழமை காலையில் கூட்டம் இருக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். சட்டை கனமாகப் போட்டுக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்குள் குளிர் எலும்பில் இறங்குகிறது. மூவார் கிட்டத்தட்ட நூற்று எண்பது கிலோமீட்டர். நான் ஏறிய பஸ் பத்து பாகாட் ஊர் வழியாகப் போனதால் மூன்று மணி நேரம் ஆனது. வழியெல்லாம் செம்பனைதான், பார்ப்பதற்கு என்று ஒன்றும் இல்லை. கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் ஒவ்வொரு முருகாவுக்கும் நடுவில் அந்தக் குழல் வந்து நின்றது.

பத்து பாகாட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். தேநீரும் கடலையும் 3 ரிங்கிட் 50 காசு. சனிக்கிழமை நான் சைவம், அதனால் அங்கே வேறு எதையும் ருசி பார்த்துச் சொல்ல முடியவில்லை. போனில் பழைய துப்பாக்கிகளைத் தேடிப் படித்தேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆங்கிலமெல்லாம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை அவர்கள் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்துக் கற்றதுதான். ஒரு கட்டுரையில் ஜப்பான்காரர்களின் கைத்துப்பாக்கிக்குப் பிடி சாய்வாக, குழல் ஒல்லியாக இருக்கும் என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரர்களுடையதில் தோட்டா போடும் உருளை இருக்குமாம். இன்னொரு கட்டுரை வெள்ளைக்காரர்களிடம் உருளை இல்லாததும் இருந்தது என்றது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தனத்துக்கு அடியில் எந்த நாடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூவார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆறு கண்ணில் பட்டுவிடும். அகலமான, பால் கலந்த கோப்பி நிறத்துத் தண்ணீர். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குக் காரில் 11 ரிங்கிட். ஓட்டுநர் ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்க்காரர், நல்ல பேச்சுக்காரர். விஷயத்தைச் சொல்லாமல், இந்த ஆற்றில் பழைய சாமான் ஏதாவது கிடைக்குமா என்று மட்டும் மலாயில் கேட்டேன்.

"என்ன கிடைக்காது ஆன்ட்டி? ஜப்பான்காரன் வந்தப்ப இந்த ஆத்துக்காகத்தானே அடிச்சுக்கிட்டாங்க. எங்க பாட்டனோட சம்பான் படக எடுத்துட்டுப் போனான். எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் திருப்பித் தரல," என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்க என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டார்.

நான் எதையும் தொலைக்கவில்லை, சும்மா கேட்டேன் என்றேன். அவர் நம்பின மாதிரி இல்லை.

வீட்டில் கால் கழுவியதும் நேரே பின்பக்கம் போனேன். நேரில் பார்த்தால் அது படத்தில் இருந்ததைவிடச் சின்னது, ஒரு முழம்கூட இல்லை. துரு தின்று, சிப்பி ஒட்டி, ஒரு பக்கம் கல்லாகவே ஆகிவிட்டது. பிடியில் மட்டும் ஏதோ எழுத்து மாதிரி ஒரு மேடு. விரலால் சந்தனத்தை ஒதுக்கிப் பார்க்கப் போனேன்.

"சுரண்டாத ராஜி, சாமிக்குப் பூசினது," என்றார் அண்ணன்.

நடந்ததை அவர் சொன்னார். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பானில் போய் ஆற்று இறால் பிடிக்கிற பழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் வடிகிற நேரம், படகைக் கடல் பக்கமாக இழுத்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நங்கூரத்தைப் போட்டார். சேற்றில் பிடிக்காமல் அது உழுதுகொண்டே போனது.

"இனி அவ்ளோதான்னு நெனச்சேன். முனியாண்டின்னு கத்தினேன். கயிறு டக்குனு நின்னுச்சு. யாரோ கையால புடிச்சு நிறுத்தின மாதிரி. மழ விட்டப்புறம் எறால் வாங்குற மொதலாளி தவுக்கே படகுல வந்து என்ன இழுத்துட்டுப் போனாரு. நங்கூரத்தத் தூக்கினா, பழைய சங்கிலி ஒரு கட்டு, அதுக்குள்ள இது. சாமி ஆயுதம் இல்லாம வேற என்ன?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காவல் தெய்வத்துக்கு இரும்பு வைப்பது எங்களுக்கு வழக்கம். வேண்டுதல் பலித்தால் அரிவாள் வைப்போம், சிலர் சங்கிலியும் சாட்டையும் வைப்பார்கள். வைத்ததைத் திரும்ப எடுப்பது கிடையாது. அண்ணன் அந்தச் சங்கிலியையும் பீடத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். அவர் கணக்கில் அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், அந்தக் கயிறு டக்கென்று நின்றதைக் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. திட்டலாம் என்று வந்தவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அண்ணி என்னை முறைத்தார்.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கந்தையா சார் வந்துவிட்டார். சிலோன்காரர், சர்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அண்ணனுக்கும் இருபது வருடமாக வேலி வழியாகச் சண்டையும் வேலி வழியாகப் பலகாரமும்.

"இஞ்ச பாரும் பிள்ளை, உம்மட அண்ணருக்கு நீராவது சொல்லும். இது தோட்டத்துத் துரையின்ர கைத்துவக்கு. ஆத்துக்கு மேல்பக்கம் முழுக்க ரப்பர்த் தோட்டம். காட்டுக்க கம்யூனிஸ்டுகள் இருந்த காலத்தில துரைமார் எல்லாரும் இடுப்பில கட்டித்தான் திரிஞ்சவை."

"அப்ப துரை ஏன் சார் இத ஆத்துல போட்டாரு?" என்று கேட்டேன்.

"அதைத் துரையைத்தான் கேக்கோணும்."

"சாரு ரோட்டத்தான் அளந்தாருன்னு நெனச்சேன், துரை இடுப்பையும் அளந்திருக்காரு," என்றார் அண்ணன்.

"நாங்கள் எங்கட பிள்ளையாருக்கு மோதகம்தான் வைக்கிறனாங்கள், துவக்கு வைக்கிறேல்லை," என்றார் அவர்.

அண்ணி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "ஜப்பானும் இல்ல, துரையும் இல்ல. எவனோ எங்கயோ கொள்ளையடிச்சிட்டுப் பாலத்து மேலேருந்து வீசியிருப்பான். யாரையாச்சும் சுட்டானோ என்னவோ. அந்தக் கேசு நேரா இவரு தலையிலதான் விழும்," என்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். ஓட்டுநர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது, சார் சொன்னதும் சரி, அண்ணி சொன்னதும் சரி. ஜப்பான் காலத்தது என்றால் காட்சிசாலைக்குப் போகும், துரையுடையது என்றால் வெறும் கதை. அண்ணி சொல்வது உண்மை என்றால் அண்ணனுக்கு ஜெயில். அதைச் சொல்லக்கூடிய எழுத்து இருந்தால், அது இருப்பது சந்தனத்துக்கு அடியில். அங்கே கை வைக்க அண்ணன் விடமாட்டார்.

சாயங்காலம் முழுவதும் பேசிப் பார்த்தேன். பேப்பரில் வந்த தண்டனைகளைச் சொன்னேன். பேரப்பிள்ளைகளைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பக் கேட்டார்.

"சாமிக்குக் குடுத்தத எடுத்துட்டு, அடுத்த ஞாயித்துக்கெழம நான் எந்த மூஞ்சியோட ஆத்துல எறங்குறது? நீயே சொல்லு."

நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவள்தானே. கடைசியில், நாம் முடிவு செய்ய வேண்டாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போலீசில் கொடுப்பது, சிவப்பு வந்தால் பீடத்திலேயே இருப்பது. சிவப்பு வந்தால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அண்ணன் பீடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா நாந்தான் கட்டுவேன்," என்றார்.

"ஏன், நான் கட்டினா ஆகாதா?" என்றார் அண்ணி.

"நீ கட்டினா எனக்கு நம்பிக்க வராது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியோடு பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனேன். நந்தியாவட்டை, சிவப்பு அரளி, வெற்றிலை, சூடம், எலுமிச்சை எல்லாம் சேர்ந்து 14 ரிங்கிட் 20 காசு. மூவாரில் காலையிலேயே சாத்தே, குச்சியில் குத்திய இறைச்சி, சுடுகிறார்கள். சாப்பிடுகிறவர்கள் ஏழு மணிக்கே போனால் நல்லது என்று அண்ணி சொல்கிறார். பூசை இருந்ததால் நான் புகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு பூப்பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்பக்கம் போனார். நாங்கள் அடுப்படியில் நின்றோம். அவர் கூப்பிட்டபோது, வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலமும் பீடத்தில் இருந்தன. ஒரே அளவு, ஒரே முடிச்சு. சூடம் ஏற்றினார். என்னை எடுக்கச் சொன்னார். இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அவரிடமே கொடுத்தேன். அவர் பிரித்தார்.

வெள்ளை.

அண்ணி அழுதுவிட்டார். அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்து, "அப்ப சரி. போன் பண்ணு," என்றார். சண்டை போடுவார், மூன்று தடவை எடு என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சட்டை மாட்ட உள்ளே போய்விட்டார்.

அரை மணிக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் சார்ஜன்ட், மலாய்க்காரர். பீடத்தைப் பார்த்ததும் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். கைவிளக்கை அடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்கள் என்றார். குரலில் சத்தமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உள்ள குண்டு இருக்கிற மாதிரி தெரியுது அங்கிள். இதுக்கு முன்னால நெருப்பு காட்டினீங்களா?"

"வெள்ளிக்கெழம மட்டுந்தான்," என்றார் அண்ணன்.

"எத்தன வெள்ளிக்கெழம?"

"ஆறு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, அதயும் சேத்தா ஏழு."

சார்ஜன்ட் அண்ணனைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார். "ஒங்க சாமி ரொம்பப் பொறுமசாலி அங்கிள்," என்றார்.

வெடிபொருள் பிரிவு வரும்வரை கந்தையா சார் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தோம். சார் எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார். சார்ஜன்ட்டிடமும் துரை கதையைச் சொன்னார். அது எந்தக் காலத்தது என்று நானும் கேட்டேன். "தெரியாது ஆன்ட்டி. ஜப்பானா இருக்கலாம், இங்கிலீஷா இருக்கலாம், திருடனா இருக்கலாம். ஆத்துச் சேறு ஒரு எடத்துல நிக்காது, எங்கேருந்து வந்துச்சுன்னே சொல்ல முடியாது. சுத்தம் பண்ணிப் பாக்கணும், பாத்தாலும் தெரியுமான்னு தெரியாது," என்றார்.

எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, சந்தனத்தோடு அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அண்ணனையும் வாக்குமூலத்துக்குக் கூட்டிப் போனார்கள். பூக்கட்டச் சொன்னவள் நான். அவர் போலீஸ் காரில் ஏறியதைப் பார்த்தபோது, இதற்காகத்தானா நான் பஸ் ஏறி வந்தேன் என்று இருந்தது.

கை சும்மா இருந்தால் மனம் ஓடும். பீடத்தைத் துடைக்கப் போனேன். எடுக்காத பொட்டலம் அப்படியே கிடந்தது. சிவப்பு அரளியைச் சாமி காலடியில் வைக்கலாம் என்று நூலைப் பிரித்தேன்.

நந்தியாவட்டை. வெள்ளை.

பூப்பையைத் தேடி எடுத்தேன். சிவப்பு அரளி, பாசாரில் கட்டிக் கொடுத்த காகிதம்கூடப் பிரிக்காமல் அதற்குள் இருந்தது.

அண்ணியிடம் சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்துப் பூவையும் சாமி காலடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அண்ணன் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். நல்லபடியாகத்தான் நடத்தினார்களாம். தேவைப்பட்டால் மறுபடியும் கூப்பிடுவோம் என்றார்களாம். ரசம் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டார். ஐந்து மணி பஸ்ஸுக்கு அண்ணிதான் காரில் கொண்டுவந்து விட்டார், அண்ணனும் வந்தார். அண்ணி கார் நிறுத்த இடம் தேடிப் போனபோது, அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பீடத்துல இருந்த பொட்டலத்த யாரு பிரிச்சா?"

"நாந்தாண்ணே."

"ம்," என்றார். "பஸ்ஸு வந்துருச்சு பாரு. ஜன்னல் பக்கம் ஒக்காரு."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கே மனது இருந்திருந்தால், என்னை ஏன் எடுக்கச் சொன்னார்? அவர் அங்கே தனியாக உட்கார்ந்து கட்டும்போதே சாமி சொல்லிவிட்டதா, இல்லை அவர் சாமிக்குச் சொல்லிவிட்டாரா? அப்படிச் செய்யலாமா என்று கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் அவரை முனியாண்டி கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. அந்தத் துப்பாக்கி யாருடையது, யார் இடுப்பில் இருந்தது, யாரைப் பார்த்து நீட்டப்பட்டது, ஏன் தண்ணீருக்குப் போனது என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போலீஸ் அண்ணனை மறுபடி கூப்பிடவும் இல்லை, கூப்பிட மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. போன் அடித்தாலே அண்ணி பதறுகிறார்.

செலவு: போக வர பஸ் 49 ரிங்கிட், லார்கினுக்குக் கார் 19, அங்கிருந்து திரும்பி வீட்டுக்கு 21, மூவாரில் கார் 11, தேநீர் 3.50, பூசைச் சாமான் 14.20. மொத்தம் 117 ரிங்கிட் 70 காசு. தங்குமிடம் இல்லாதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் சாயங்காலம் நடக்க நன்றாக இருக்கும், கொசு மருந்து எடுத்துப் போங்கள்.

ஆற்றிலோ கடலிலோ இப்படி ஏதாவது கிடைத்தால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். இருக்கும் இடத்திலிருந்தே போலீசுக்குச் சொல்லுங்கள். எத்தனை பழசாக இருந்தாலும் உள்ளே குண்டு இருக்கலாம், நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. சாமிக்கு வைக்கிற இரும்பு கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதலாமா என்று நேற்று அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எழுது, நாலு பேருக்குப் புத்தி வரட்டும் என்றார்.

"பூ விஷயத்தையுமா அண்ணே?"

"எழுதிக்க. ஆனா நான் ஏதோ சொன்னதா எழுதாத."

"நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையே."

"ஆமா, சொல்லல," என்றார். பிறகு, தண்ணீர் ஏறுகிற நேரம், சம்பான் காத்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.